முடிச்சில்லாத டோலி

கடலைப் பார்த்தாலே தலை சுற்றுகிற ஒருவன் கப்பல் முடிச்சுகளில் நிபுணனாக முடியும் என்பதற்கு நானே சாட்சி. யுத்தத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளித்தான் நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். நான் போனதில்லை. படகு ஆடுவதைக் கரையிலிருந்து பார்த்தாலே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் எவனோ ஒரு கப்பல் அதிகாரி மறந்துவிட்டுப் போன முடிச்சுக் கையேடு ஒன்று என் மேஜை டிராயரில் கிடந்தது. எந்த அச்சடித்த காகிதத்தையும் படிக்காமல் விட்டுவைக்கிற ஒழுக்கம் எனக்கு இல்லை.

படித்தேன். மேஜைக் காலில் கட்டிக் கட்டிப் பழகினேன். கப்பல் பாயைச் சுருக்கிக் கட்ட ரீஃப் முடிச்சு. பொட்டலத்துக்கும் காயத்துக்கும்கூட அது உதவும். ஆனால் இரண்டு கயிறுகளை அதால் இணைத்து ஓர் ஆளைத் தொங்கவிட்டால், கடைசியில் கயிறு மட்டும்தான் கையில் மிஞ்சும். பருமன் வேறான இரண்டு கயிறுகளுக்கு ஷீட் பெண்ட் என்று ஒன்று. தடித்தது வளைந்து கொடுக்கும், மெலிந்தது அதைச் சுற்றிவளைத்துக்கொள்ளும். எங்கள் கல்யாணத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது போலிருக்கும். தண்ணீரில் விழுந்தவனின் மார்பில் மாட்டி இழுப்பதற்குப் போலைன். எவ்வளவு இழுத்தாலும் அந்த வளையம் இறுகாது, வேலை முடிந்ததும் கட்டைவிரலால் தள்ளினால் அவிழும். அவசரத்துக்குக் கம்பத்தில் கட்ட குளோவ் ஹிட்ச். கம்பத்தின் நீளவாக்கில் இழுவை வந்தால் அது வழுக்கிவிடும். அதற்கு இன்னொரு சுற்று கூடுதலாகப் போட்டால் ரோலிங் ஹிட்ச்.

என் மனைவி ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தவள் இந்த அப்பியாசத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அந்த மேஜை எங்கேயும் ஓடிப்போவாது. விட்டுட்டு வந்து சாப்பிடுங்க.”

பிறகு ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். அடுத்து நம் கடற்கரைதான் என்று ஊரே சொன்னது. கப்பல்கள் நின்றன, ஆபீஸும் நின்றது. அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில், கடலிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனேன். கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற பகுதியில் ஒருவருக்குக் காப்பித் தோட்டம் இருந்தது. கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். ஜப்பான்காரன் அங்கே வரமாட்டான் என்று நான் போட்ட கணக்கு சரிதான். டாக்டரும் வரமாட்டார் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஆள் நடக்கிற பாதை மட்டும்தான், ஏறினால் ஏறியதுதான்.

வலி ஒருநாள் மாலை தொடங்கியது. ஊரின் மருத்துவச்சி வந்தாள். என்னைவிடச் சற்று மூத்தவள்; திடமான கைகள், திடமான குரல். வந்தவள் என் மனைவியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இந்த ஊட்டுல என்னங்க இத்தனை முடிச்சு?”

பிள்ளை பெறுகிறவளைச் சுற்றி எங்கேயும் முடிச்சு இருக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வெளியே ஒரு முடிச்சு இருந்தால் உள்ளேயும் ஒன்று அவிழாது. கொடிக்கயிறு அவிழ்ந்தது. மூட்டைகளின் வாய் அவிழ்ந்தது. கொட்டிலில் பசுவை அவிழ்த்துவிட்டார்கள். அது சந்தோஷமாகத் தோட்டத்துக்குள் போனது. என் மனைவியின் கூந்தல் அவிழ்ந்தது. கடைசியில் மருத்துவச்சி என் இடுப்பைப் பார்த்தாள். அரைஞாண் கயிறும் போனது, உள்ளே போட்டிருந்த டிராயரின் நாடாவும் போனது. வேட்டியைச் செருகிக்கொண்டு, கையால் பிடித்துக்கொண்டு, படித்தவனுக்கே உரிய கேள்வியைக் கேட்டேன்:

“அப்படியானால் தாலி? அதில் மூன்று முடிச்சு இருக்கிறதே?”

உள்ளே முனகிக்கொண்டிருந்தவள் ஒரு கையால் தாலியைப் பொத்திக்கொண்டதை நான் வாசலிலிருந்தே பார்த்தேன். மருத்துவச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அது சாமி போட்ட முடிச்சுங்க. அது கணக்குல வராது. நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க.”

நின்றேன். விடிந்தபோது அவள் வெளியே வந்தாள், முகம் சரியில்லை. வலி தளர்ந்துபோய்விட்டது, தலை இறங்கவில்லை என்றாள். கஷாயம் கொடுத்தாகிவிட்டது, எண்ணெய் தடவியாகிவிட்டது. இனிமேல் தன் கையில் இல்லை.

“கீழ கொண்டுபோயிருங்க சாமி. டவுனு ஆசுபத்திரில பொம்பள டாக்டரு இருக்கறாங்களாமா. இங்க வெச்சிருந்தா ரண்டு உசுரும் எனக்குத் தெரியாதுங்க.”

மருத்துவச்சியின் புருஷன் மூன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். நோயாளிகளை மூங்கிலில் டோலி கட்டிக் கீழே இறக்கிப் பழகினவர்கள். நல்லவர்கள், கூலி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் கயிற்றையும் மூங்கிலையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏன் நிற்கிறீர்கள்? கட்டுங்கள்” என்றேன்.

“எப்படிங்க கட்டறது?” என்றான் புருஷன்காரன். “காச்சக்காரனைக் கட்டித் தூக்கியிருக்கறோமுங்க. கால் ஒடிஞ்சவனைத் தூக்கியிருக்கறோம். புள்ளைவலிக்காரிய இதுவரைக்கும் ஒருத்தரும் தூக்குனதில்லீங்க. டோலின்னா முடிச்சு. முடிச்சுப் போட்டு அந்தம்மாவத் தூக்குனா, வழில ஒண்ணு ஆச்சுன்னா, அது எங்க கையால ஆனதுங்க.”

“முடிச்சுப் போடாம எப்படிய்யா தொங்கும்?”

“அதத்தானுங்க நாங்களும் ரோசனை பண்ணிட்டு நிக்கறோம்.”

கோபம் வந்தது. மூடநம்பிக்கையைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லியும் இருப்பேன், ஆனால் அந்த நாலு பேர் தூக்கவில்லை என்றால் தூக்குவதற்கு மலையில் வேறு நாலு பேர் கிடையாது. பகுத்தறிவைத் தோளில் வைத்துக் காரவள்ளிவரை இறக்க முடியாது. மேலும் அவர்கள் சோம்பலினால் மறுக்கவில்லை, பயத்தினால் மறுத்தார்கள். அந்தப் பயமும் என் மனைவிக்காகத்தான்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. மெலிந்திருந்தது, ஆனால் அவள் குரல்தான். “என்னங்க... உங்க கப்பல் முடிச்செல்லாம் எங்க போச்சு?”

முடிச்சுகளில், முடிச்சே இல்லாத ஒரு முடிச்சு உண்டா? அந்தக் கேள்வியோடு மூங்கிலின் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் போலைன் போட்டேன். மூங்கிலை எடுத்தால் கயிற்றில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க, புருஷன்காரன் அதை உருவினான். வளையம் வளையமாகவே, அழகாக, அசையாமல் கையில் நின்றது.

“இது முடிச்சுங்க” என்றாள் மருத்துவச்சி.

கையேடு அதை முடிச்சுகளின் ராஜா என்கிறது என்று நான் சொல்லவில்லை.

அடுத்து ரோலிங் ஹிட்ச். மூங்கிலைச் சுற்றி இரண்டு சுற்று, மேலே குறுக்காக ஒரு சுற்று, நுனியை அடியில் செருகி இழுத்தேன். கயிற்றைப் பிடித்து ஓர் ஆள் தொங்கிப் பார்த்தான், நின்றது. “இப்போது உருவு” என்றேன். மூங்கிலை உருவினார்கள். சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்து, கயிறு நீளமாக, வெறுமனே, தரையில் விழுந்தது. மருத்துவச்சி அதை எடுத்து, தலையில் பேன் பார்ப்பதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் நீவிப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

“ஒண்ணுமில்லியா?” என்றான் அவள் புருஷன்.

“உனக்குக் கண்ணு இல்லியா? நீயே பாரு.”

அவனும் நீவிப் பார்த்தான். மற்ற மூவரும் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரமெல்லாம் உள்ளே சத்தம் வராமல் இருப்பதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு இன்னொரு சிக்கல். கட்டிலில் படுக்கவைக்கலாம் என்றால், கயிற்றுக் கட்டில் முழுவதுமே முடிச்சு. வீட்டுக் கதவைக் கழற்றினோம். கதவின் மேல் கம்பளி, கம்பளியின் மேல் அவள். தலைமாட்டில் ஒரு கயிறு, கால்மாட்டில் ஒரு கயிறு. கதவுக்கு அடியில் போய் இரண்டு பக்கமும் மேலே ஏறி மூங்கிலைச் சுற்றிக்கொண்டன. ஆனால் இந்தச் சுற்றுக்கு ஒரு குணம் உண்டு. ஆட்டம் அதிகமானால் நுனி மெல்ல உள்ளே இழுபட்டுக் கழன்றுவிடும். அதனால்தான் கப்பல்காரர்கள் நுனியை இன்னொரு முடிச்சால் பத்திரப்படுத்துவார்கள். இங்கே அந்த இன்னொரு முடிச்சுக்கு இடம் இல்லை. ஆகவே தலைமாட்டுக் கயிற்றின் நுனிகளை நான் பிடித்துக்கொண்டேன், கால்மாட்டு நுனிகளை மருத்துவச்சி. முடிச்சு செய்ய வேண்டிய வேலையை இரண்டு மனிதர்கள் செய்வது என்று ஏற்பாடு.

தூக்குவதற்கு முன்னால் நாலு பேரும் தங்கள் குடுமியை அவிழ்த்துத் தலைமுடியைத் தோளில் விட்டுக்கொண்டார்கள். அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

பாதையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. நான் பாதையைப் பார்க்கவில்லை. மூங்கிலின் மேல் மூன்று சுற்றுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். முன்னால் தூக்கினவர்களின் முடி முகத்தில் விழ, அவர்கள் தலையை உதறி உதறி ஒதுக்கிக்கொண்டு இறங்கினார்கள். கல்லில் கால் வைக்கும்போதெல்லாம் கதவு ஒரு குலுக்குக் குலுங்கும், கயிறு மூங்கிலின் மேல் கிறீச்சிடும், நான் நுனியை இன்னும் இறுக்குவேன். மருத்துவச்சி முன்னால், என் மனைவியின் பக்கம் திரும்பியபடியே இறங்கிக்கொண்டு, விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, தூங்காத. கண்ணு, என்னையப் பாரு. உன்ற புருஷனப் பாக்காத, அவரப் பாத்தாப் பயமா இருக்குது.”

என் மனைவி சிரிக்க முயன்றது தெரிந்தது. அதைப் பார்ப்பதைவிட அவள் முனகியிருந்தாலே தேவலை.

ரோலிங் ஹிட்ச் ஒரு திசைக்குத்தான் விசுவாசமானது. எந்தப் பக்கம் இழுவை வருமோ அந்தப் பக்கம் இரண்டு சுற்றுப் போடவேண்டும். நாங்கள் மலை இறங்குகிறோம், சுமை முன்னால்தான் சரியும் என்று நான் அப்படியே போட்டிருந்தேன். மலைப்பாதை இறங்கிக்கொண்டே இருக்காது, நடுவில் ஓடையைத் தாண்டி ஒரு மேடு ஏறும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஏறும்போது சுமை பின்னால் சாய்ந்தது. தலைமாட்டுக் கயிறு மூங்கிலில் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. கதவு ஒரு பக்கம் சரிந்தது. அவள் கத்தினாள்.

“புடிங்க! புடிங்க!” என்று மருத்துவச்சி அலறினாள்.

பின்னால் தூக்கினவனின் தோளுக்கும் கயிற்றுக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொன்னால் வீரம்போல் இருக்கிறது. அதுதான் பக்கத்தில் இருந்தது. கயிறு விரல்களை மூங்கிலோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு நின்றது. மேடு ஏறி முடியும்வரை அப்படியே நடந்தோம். இறக்கி வைத்து மறுபடி சுற்றலாமா என்றேன். “இப்ப எறக்கினா தூக்க முடியாதுங்க, நடங்க” என்றான் புருஷன்காரன், மூச்சிரைப்புக்கு நடுவில்.

அந்தக் குலுக்கலாலோ, அந்தக் கத்தலாலோ, வலி திரும்பி வந்தது.

மேட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ஒரு பலாமரத்தடியில் மருத்துவச்சி கையைத் தூக்கினாள். கதவைத் தரையில் இறக்கினோம். ஆண்கள் எல்லோரும் மலையின் கீழ்ப்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம். என் நுனி என் கையிலேயே இருந்தது. யாரும் விடச் சொல்லவில்லை. பின்னால் என்ன நடந்தது என்பதைக் காதால் மட்டும் அறிந்தேன். மருத்துவச்சியின் அதட்டல், என் மனைவியின் குரல், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு பூனைக்குட்டிபோல் ஒரு சத்தம்.

“பொம்பளப் புள்ளைங்க” என்றாள்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். நான் திரும்பினேன். குழந்தை என் மனைவியின் மார்பின் மேல் கிடந்தது. கொடி அறுக்கப்படவில்லை, நீலமாக, ஈரமாக, குழந்தையிலிருந்து தாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கம்பளியில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது.

“இப்போது முடிச்சுப் போட்டுக் கட்டலாம் அல்லவா? ஒழுங்காகக் கட்டிச் சீக்கிரம் போகலாம்” என்றேன்.

மருத்துவச்சி என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினாள். “நஞ்சுக்கொடி இன்னும் எறங்கலீங்க. பாதிதான் அவுந்திருக்குது. இனிமேலுதானுங்க கண்டம்.”

அந்த ரத்தத்தைப் பார்த்தபடியே கயிற்றைக் கையில் எடுத்தேன். மறுபடி மூங்கிலில் சுற்றினேன், இந்த முறை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகவே. இப்போது இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு, ஒருவரோடொருவர் இன்னும் ஒட்டியிருக்கிற இரண்டு பேரை, காரவள்ளிக்கு இறங்கினோம். என் மனைவியின் பேச்சு நின்றுவிட்டது. “கண்ணு, கண்ணு” என்ற மருத்துவச்சியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடச் சத்தமாக.

அடிவாரத்தில் ஒரு வண்டிக்காரர் கிடைத்தார். மனிதாபிமானம் உள்ளவர், பார்த்ததும் வைக்கோலைப் பரப்பிவிட்டார். ஆனால் மாட்டுவண்டி என்பது சக்கரத்தின் மேல் ஏற்றிய முடிச்சுகளின் தொகுப்பு. கூண்டுப் பாய் கட்டியிருந்தது. நுகத்தடி கட்டியிருந்தது. மாடுகள் பூட்டாங்கயிற்றால் பூட்டியிருந்தன. கூண்டுப் பாயை ஒரே இழுப்பில் பிய்த்துப் போட்டார்கள். நுகத்தடியின் கயிற்றையும் அவிழ்த்தார்கள். பிறகு புருஷன்காரன் மாடுகளிடம் போனான்.

“மாட்டை அவுத்துட்டா வண்டிய ஆருப்பா இழுக்கறது? உங்கப்பனா?” என்றார் வண்டிக்காரர்.

“நாங்க இழுக்கறோமுங்க.”

“கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு?”

“மாட்டை மட்டும் பின்னால ஓட்டிட்டு வாங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க.”

அப்படித்தான் போனோம். நாலு பேரும், மலையிலிருந்து அவளைத் தோளில் இறக்கிய அதே நாலு பேர், வண்டியின் ஏர்க்காலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலைவிரி கோலமாக, சமவெளி வெயிலில் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பின்னால் வண்டிக்காரர் கட்டவிழ்த்த இரண்டு காளைகளையும் ஓட்டிக்கொண்டு, உரக்கத் திட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் வண்டியைத் தள்ளினேன். தள்ளினேனா, பிடித்துக்கொண்டு ஓடினேனா என்பது வண்டிக்குத்தான் தெரியும். வழியில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து, வண்டிக்குள் கிடப்பது தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மனைவியின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. மாடு பூட்டியிருந்தால் இந்நேரம் பாதி வழி போயிருக்கலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பூட்டச் சொல்லி நான் கத்தியிருந்தால் வண்டிக்காரர் பூட்டியிருப்பார் என்பதும் தெரிந்திருந்தது. கத்தவில்லை. அவர்கள் சொல்வது ஒருவேளை உண்மையாக இருந்தால்? அத்தனை புத்தகம் படித்தவனுக்குள் அந்த ‘ஒருவேளை’ உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

வண்டிக்குள்ளிருந்து மருத்துவச்சி கூச்சலிட்டாள்.

“நில்லுங்க! வந்துருச்சு! முழுசா வந்துருச்சுங்க! போடுங்க, முடிச்சுப் போடுங்க!”

அவள் என் வேட்டிக் கரையிலிருந்து நூலை உருவிக்கொண்டு கொடியைக் கட்டி அறுத்தாள். என்ன முடிச்சு போட்டாள் என்று பார்க்கவில்லை. நாலு பேரும் ஏர்க்காலை விட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து மூச்சிரைத்தார்கள். வண்டிக்காரர் மாத்திரம் உட்காரவில்லை. அவ்வளவு வேகமாக யாரும் மாடு பூட்டி நான் பார்த்ததில்லை. “ஏறுய்யா!” என்று என்னைத் தூக்கிப் போட்டார், காளைகளின் வாலை முறுக்கினார்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாள் ஊசி போட்டார். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். வராந்தாவில் நானும் மருத்துவச்சியும் நின்றோம். ஓடியே பின்னால் வந்து சேர்ந்த அவள் புருஷன் தூணில் சாய்ந்துகொண்டான். வெயில் வராந்தாவை விட்டு இறங்கிப் போனபிறகு கதவு திறந்தது.

“பிழைச்சிடுவாள்னு நினைக்கிறேன்” என்றார் டாக்டரம்மாள். “நிறைய ரத்தம் போயிருக்கு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஏன் இவ்வளவு நேரம்? காலையிலேயே கிளம்பினதாச் சொல்றீங்களே, வழியில என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

மருத்துவச்சி தரையைப் பார்த்தாள். அவள் புருஷன் என்னைப் பார்த்தான். அவர்கள் இல்லாவிட்டால் என் மனைவி மலையிலேயே கிடந்திருப்பாள். அவர்கள் வழக்கம் இல்லாவிட்டால் முன்னமே வந்து சேர்ந்திருப்பாள். இவ்வளவு ரத்தம் போயிருக்காது என்றும் சொல்லலாம், நஞ்சு இறங்கியே இருக்காது என்றும் சொல்லலாம். இதில் எது உண்மை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. என் மகளுக்கே மகள் பிறந்துவிட்ட இன்றும் தெரியவில்லை.

“பாதை ரொம்ப மோசம், டாக்டர்” என்றேன்.

“அதைச் சரிபண்ணச் சொல்லி யாரும் எழுதிப்போடக் கூடாதா?” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே திரும்பிப் போனார்.